நேரலையில் நழுவும் சுருதி

பாடகி இரண்டாம் சரணத்தை முடித்து மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்கிறார். அடுத்த எட்டுத் தாளக்கட்டு ஸ்டீல் கிட்டாருக்கு உரியது. கணக்குப் பார்த்தால் பதினைந்து நொடிதான். மேடையின் ஓரத்தில், கால் வைத்த குட்டி மேசை போன்ற ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இடது கையிலிருக்கும் எஃகு உருளையைக் கம்பிகள்மேல் கொண்டுபோய் வைக்கிறார். சுரம் சரியாக விழும் என்று அவருக்கு உத்தரவாதம் கொடுக்க அந்தக் கருவியில் எதுவுமே கிடையாது.

சாதாரண கிட்டாரில் விரல் எங்கே அழுத்தினாலும் கம்பி போய் உட்காருவது ஃபிரெட் என்னும் உலோகத் தண்டின் மேல்தான். விரல் இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் சுரம் அசையாது. ஸ்டீல் கிட்டாரில் ஃபிரெட் இருக்கவேண்டிய இடங்களில் கோடு மட்டும் வரைந்திருப்பார்கள். கம்பி அந்தப் பலகையைத் தொடுவதே இல்லை. உருளை நிற்கும் இடம்தான் சுரம். ஒலிப்பதிவுக் கூடத்தில் தவறினால் இன்னொரு முறை வாசித்துச் சேர்த்துவிடலாம். அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தொலைக்காட்சி நேரலையில் அந்த வசதி இல்லை. நாஷ்வில் நகரில் 1925இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய கிராண்ட் ஓல் ஆப்ரியின் அரைமணி நேரப் பகுதி 1985 முதல் சனிக்கிழமை இரவுகளில் டிஎன்என் கேபிள் அலைவரிசையில் நேரடியாகப் போனது. அங்கே நழுவிய சுரம், நழுவியபடியே நாடு முழுக்கப் போய்ச் சேரும்.

அப்படியும் அந்தப் பதினைந்து நொடியில் பெரும்பாலும் தவறு கேட்பதில்லை. கலைஞர் தவறு செய்வதில்லை என்பது இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் தவறித்தான் தொடங்குகிறது. கேட்பவர் கண்டுபிடிப்பதற்குள் திருத்தப்பட்டுவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்தத் திருத்தத்தைப் பற்றியது.

கருவியின் பிறப்பு ஹவாய்த் தீவுகளில். 1874இல் ஓஆஹு தீவின் லாயியே ஊரில் பிறந்த ஜோசப் கேகுகு, பள்ளி வயதிலேயே கிட்டாரை மடியில் படுக்க வைத்து, கம்பிகள்மேல் ஓர் உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கப் பழகினார். கண்டுபிடிப்பின் பெருமை பொதுவாக அவருக்கே தரப்படுகிறது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் உலகக் கண்காட்சியின் ஹவாய் அரங்கு இந்த ஒலியை அமெரிக்க நிலப்பரப்பெங்கும் பிரபலமாக்கியது. சித்திரவீணை கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இதில் அதிசயம் குறைவாகத்தான் இருக்கும். மெட்டுகள் இல்லாத தண்டியின் மேல் கருங்காலிக் கட்டையையோ டெஃப்லான் உருளையையோ வழுக்கி, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் இருக்கும் நிலத்தையும் பாடவைக்கும் கலை திருவிடைமருதூர் சகாராம ராவ் காலத்திலேயே இங்கே மேடை ஏறிவிட்டது. இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே. வேறுபாடு, ஹவாய்க் கருவி ஒரே சமயத்தில் மூன்று நான்கு கம்பிகளை மீட்டிக் கார்ட் என்னும் சுரக்கூட்டை வாசிக்க ஆசைப்பட்டதுதான். பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் அந்த ஆசை.

மின்சாரமும் முதலில் இந்தக் கருவியைத்தான் தேடி வந்தது. ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, வணிக வெற்றி பெற்ற முதல் மின்சார கிட்டார், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார்தான். முழுக்க அலுமினிய வார்ப்பு. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் வாணலி என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது. 1935 ஜனவரியில் மில்டன் பிரௌன் குழுவின் பாப் டன் மின்பெருக்கிய ஸ்டீல் கிட்டாரை இசைத்தட்டில் ஏற்றினார். அடுத்த ஆண்டு பாப் வில்ஸ் குழுவின் லியோன் மெக்காலிஃப் பதிவுசெய்த 'ஸ்டீல் கிட்டார் ராக்', கன்ட்ரி இசையில் இந்தக் கருவிக்கு நிரந்தர இருக்கை போட்டுக்கொடுத்தது.

இனி அந்த உருளைக்கு வருவோம். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண், அதிரும் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இன்றைய ஸ்டீல் கிட்டார்களில் பரவலாக உள்ள ஒரு நீளம் 24.25 அங்குலம், அதாவது 616 மில்லிமீட்டர். மூன்றாம் ஃபிரெட் கோட்டின் மேல் உருளை நிற்கும்போது அதிரும் நீளம் 518 மில்லிமீட்டர். அங்கே உருளை ஒரு மில்லிமீட்டர் தவறினால் சுருதி 3.3 சென்ட் பிசகும். ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் சென்ட். பன்னிரண்டாம் கோட்டில் அதே ஒரு மில்லிமீட்டர் 5.6 சென்ட்டாக வளர்கிறது. இருபதாம் கோட்டுக்குப் போனால் ஒன்பதை நெருங்குகிறது. பயிற்சி பெற்ற காது நல்ல சூழலில் ஐந்து சென்ட் அளவிலான வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடும். கலைஞர் மேலே ஏற ஏற, காது மன்னிக்கும் இடம் அரை மில்லிமீட்டர் வரை குறுகிவிடுகிறது.

கண் ஓரளவுதான் உதவும். கோடு பலகையில் இருக்கிறது. உருளை அதற்கு மேலே கம்பியில் இருக்கிறது. தலையைச் சற்றே சாய்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று விலகித் தெரியும். அளவுகோலைக் கோணத்தில் பார்க்கும்போது வரும் அதே இடமாறு தோற்றப் பிழை. இதனால் நல்ல ஸ்டீல் கலைஞர்கள் உட்காரும் இடத்தில் பிடிவாதக்காரர்கள். நாற்காலியின் உயரம் மாறினால் சுருதியும் மாறியதாக எடுத்துக்கொள்வார்கள்.

காதின் உதவி தாமதமாக வரும். ஒலி காதில் விழுந்து, மூளை அதை எடைபோட்டு, கைக்குத் திருத்தம் அனுப்பப் பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் சுரம் வீட்டு வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் வேலை இரண்டாகப் பிரிகிறது. முதல் தரையிறக்கம் தசை நினைவாலும் கண்ணாலும் நடக்கிறது. மிச்சத் தூரத்தைக் காது சரிசெய்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மறைக்க உருளையை முன்னும் பின்னும் மெல்ல உருட்டும் அசைவு கைகொடுக்கிறது. பாடகர் குரலில் இருக்கும் அதிர்வைப் போலவே நொடிக்கு ஐந்தாறு முறை. சுருதி இப்படி மேலும் கீழும் ஊசலாடும்போது காது அதன் சராசரியைத்தான் சுரமாக எடுத்துக்கொள்கிறது. ஊசலின் மையத்தை மட்டும் மெதுவாக நகர்த்தி உரிய இடத்துக்குக் கொண்டுபோனால், தவறி விழுந்த சுரம் உணர்ச்சியோடு வாசிக்கப்பட்ட சுரமாகக் கேட்கும். கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற அழுகையில் ஒரு பங்கு இந்தப் பொறியியல் தேவையிலிருந்து வந்ததுதான். ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு தொல்லை, எது சரியான சுருதி என்பதிலேயே இருக்கிறது. பியானோவில் சட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடைவெளி 400 சென்ட். இயற்கையான மேற்சுரங்களோடு பொருந்தி, அலையடிப்பு இல்லாமல் ஒலிக்கும் காந்தாரம் 386இல் இருக்கிறது. பதினான்கு சென்ட் வித்தியாசம். ஸ்டீல் கிட்டார் ஒலி நீண்டு நிற்பது. பியானோவின் காந்தாரத்தை அதில் வைத்தால் கார்ட் நடுங்கும். பெரும்பாலான கலைஞர்கள் காந்தாரக் கம்பிகளை வேண்டுமென்றே சற்று இறக்கித்தான் சுருதி சேர்க்கிறார்கள். தனியாக வாசித்தால் தேன். பக்கத்தில் பியானோ இருந்தால்? எத்தனை சென்ட் இறக்கலாம் என்பது அவர்களுக்குள் தீராத வழக்கு. ஜெஃப் நியூமன் என்ற ஆசிரியர் ஒவ்வொரு கம்பிக்கும் எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்று பட்டியலே போட்டுக்கொடுத்தார். பலர் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

உருளைக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது எல்லாக் கம்பிகளையும் ஒரே விகிதத்தில் குறுக்குகிறது. திறந்த கம்பிகள் ஒரு மேஜர் கார்டைத் தந்தால், உருளை எங்கே போனாலும் அதே மேஜர் கார்ட், சுருதி மட்டும் மாறி. உருளையைச் சாய்த்துப் பிடித்து ஓரளவு தப்பிக்கலாம். ஜெர்ரி பேர்ட் போன்ற மேதைகள் அதிலேயே அற்புதம் செய்தார்கள். ஆனால் ஒரு கார்ட் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு சுரம் மட்டும் நகர வேண்டும் என்றால் நீளத்தை மாற்றிப் பயனில்லை. அந்தக் கம்பியின் இழுவிசையை மாற்ற வேண்டும். கைகள் இரண்டும் வேலையாக இருப்பதால் பொறுப்பு காலுக்குப் போனது.

பெடல்கள் 1940 வாக்கிலேயே கிப்சன் போன்ற நிறுவனங்களின் கருவிகளில் வந்துவிட்டன. ஆனால் சுருதி வரிசையை மாற்றிக்கொள்ளும் சாவியாகத்தான் பலரும் அவற்றைப் பார்த்தார்கள். கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்ற கைவினைஞர் 1948இல் ஸ்பீடி வெஸ்டுக்கு ஒரு பெடல் ஸ்டீல் செய்துகொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ் தொலைக்காட்சியில் கிளிஃபி ஸ்டோன் நடத்திய ஹோம்டவுன் ஜாம்போரி நிகழ்ச்சியில் ஸ்பீடி வெஸ்ட் அதை வைத்துக் காட்டிய வேடிக்கைகள் கொஞ்சமல்ல. உருளையைக் கம்பிகள்மேல் மோதுவார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீசி இழுப்பார். கிட்டார் கலைஞர் ஜிம்மி பிரையன்டோடு போட்டி போட்டு ஓடுவார். தொலைக்காட்சிக்கு ஏற்ற ஸ்டீல் கலைஞர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அவர்தான்.

எல்லாரையும் பெடல் வாங்க ஓடவைத்தவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் 1953இன் இறுதியில் பாடிப் பதிவான 'ஸ்லோலி' பாட்டில், கம்பிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பெடலை மிதித்தார். கார்டின் உள்ளே இரண்டு சுரங்கள் கூட இருந்தவற்றை விட்டுவிட்டு மேலே வளைந்து ஏறின. 1954இல் அந்தப் பாட்டு கன்ட்ரி வரிசையில் பதினேழு வாரம் முதலிடத்தில் இருந்தது. பெடல் இல்லாத கருவி ஒரே பருவத்தில் பழைய ஒலியாகிவிட்டது. ஜெர்ரி பேர்ட் மட்டும் கடைசிவரை பெடல் பக்கம் வரவில்லை. 1970களில் ஹவாய்க்கே குடிபெயர்ந்து பழைய முறையைக் கற்றுக்கொடுத்தார்.

ஐசக்ஸின் ஒரு பெடல் செய்த வேலையைப் பட்டி எம்மன்ஸ் இரண்டாகப் பிரித்தார். இன்று நாஷ்வில் வழக்கத்தில் ஈ9 என்று அழைக்கப்படும் பத்துக் கம்பிச் சுருதி வரிசையில் முதல் பெடல் பி கம்பிகளை ஒரு முழுச்சுரம் ஏற்றுகிறது. இரண்டாவது பெடல் ஜி ஷார்ப் கம்பிகளை அரைச்சுரம் ஏற்றுகிறது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஈ மேஜர், உருளை அசையாமலே ஏ மேஜர் ஆகிவிடும். ஒன்றாம் கார்டிலிருந்து நான்காம் கார்டுக்கு. ஏராளமான கன்ட்ரிப் பாட்டுகளுக்கு முதுகெலும்பாக இருக்கும் நகர்வு இதுதான்.

மிதிக்கும்போது உள்ளே நடப்பது வன்முறை. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுவதால், முழுச்சுரம் ஏற இழுவிசை 26 விழுக்காடு கூட வேண்டும். அரைச்சுரத்துக்கு 12 விழுக்காடு. மூன்றாவது கம்பியான ஜி ஷார்ப், அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்கு கனம் மட்டுமே உள்ள மயிரிழை. சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ பதின்மூன்று கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுவையைத் தாங்குகிறது. பெடலை மிதித்தால் அது பதினான்கரை ஆகிறது. தடித்த கம்பி போட்டுத் தப்பலாமா என்று கேட்டால் இயற்பியல் கையை விரிக்கிறது. கம்பியின் குறுக்குப் பரப்பு கூடினால் அதே சுரத்துக்குத் தேவையான இழுவிசையும் அதே விகிதத்தில் கூடும். கம்பியின் குறுக்குப் பரப்பில் விழும் அழுத்தம் மாறவே மாறாது. அது கம்பியின் நீளத்தையும் சுரத்தையும் மட்டுமே பொறுத்தது. இந்தக் கருவியின் நீளத்தில் அந்தச் சுரத்துக்கு அது 2.3 ஜிகா பாஸ்கல். உயர்தர எஃகுக் கம்பி தாங்கக்கூடிய எல்லைக்கு வெகு அருகே. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை மிதிபடும் அந்தக் கம்பி எப்போது அறும் என்பது காலத்தின் கேள்வி மட்டுமே. மேடைக்குப் போகுமுன் அதை மாற்றிவிடுவது பலருக்கு வழக்கம்.

போதாக்குறைக்கு, இரண்டு பெடலையும் மிதிக்கும்போது கூடும் இழுவை முழுக் கருவியையும் நுண்ணளவு வளைக்கிறது. பெடலே படாத மற்றக் கம்பிகள் அதனால் ஓரிரு சென்ட் தளர்ந்து இறங்கிவிடுகின்றன. இதையும் கலைஞரின் இடது கைதான் ஈடுகட்ட வேண்டும்.

இத்தனையையும் தொலைக்காட்சி விளக்குகளின் கீழே செய்ய வேண்டியிருந்தது. 1955 ஜனவரி 22 அன்று மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரிலிருந்து ஏபிசி வலையமைப்பு ஓசார்க் ஜூபிலியை ஒளிபரப்பத் தொடங்கியது. ரெட் ஃபோலி தொகுத்து வழங்கினார். கன்ட்ரி இசையின் முன்னணிக் கலைஞர்களை வாரந்தோறும் அமெரிக்கா முழுவதும் நேரலையில் காட்டிய முதல் நிகழ்ச்சி அது. 1960 வரை நீடித்தது. அன்றைய கேமராக்கள் வெளிச்சத்துக்குப் பசித்தவை. மேலே தொங்கிய இழை விளக்குகள் வெளிச்சத்தைவிட வெப்பத்தையே அதிகம் கொட்டின.

வெப்பத்தில் எஃகு நீள்கிறது. இரண்டு முனையும் கட்டப்பட்ட கம்பி நீள வழியில்லாமல் தளர்கிறது, சுருதி இறங்குகிறது. இறக்கம் எல்லாக் கம்பிக்கும் ஒன்றாக இருந்தால் உருளையை ஒரு இழை மேலே வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் முறுக்கேறி நிற்கும் ஜி ஷார்ப் கம்பி ஒரு பாகை செல்சியஸுக்கு ஒரு சென்ட் மட்டும் இறங்கும்போது, அதைவிடத் தளர்வாக இருக்கும் பி கம்பி மூன்று சென்ட் வரை இறங்குகிறது. ஐந்து பாகை சூடேறினால் இரண்டுக்கும் இடையே பத்து சென்ட் அளவுக்கு விரிசல் விழுந்துவிடும். மெல்லிய கம்பிகள் சீக்கிரம் சூடாகும். உலோக உடல் மெதுவாக. எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் அலுமினியம் பின்னால் சூடேறி விரியும்போது கம்பிகள் மறுபடி இழுபட்டுச் சுருதி எதிர்த்திசையில் ஓடும். முழு அலுமினிய வாணலி கிட்டார்கள் மேடை விளக்கில் சுருதி விலகிப்போவது 1930களிலேயே தெரிந்த கதை. ரிக்கன்பேக்கர் 1935இல் பேக்கலைட் உடலுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளக்குகள் செய்த இன்னொரு குறும்பு காதுக்கு நேரடியாகக் கேட்டது. கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப், காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. காற்றில் அலையும் எந்தக் காந்தப் புலத்துக்கும் அது ஆன்டெனாதான். 1960களில் தைரிஸ்டர் வகை மங்கலாக்கிகள் அரங்குகளுக்கு வந்தன. மின்னோட்ட அலையை வெட்டி வெட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருவி இது. அந்த வெட்டு, 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தைப் பல மேற்சுரங்கள் கொண்ட கரகரப்பாக மாற்றிவிடும். நின்றபடி வாசிக்கும் கிட்டார்க்காரர் கொஞ்சம் திரும்பி நின்றால் இரைச்சல் குறையும். ஸ்டீல் கிட்டார் அப்படித் திரும்ப முடியாது. தள மேலாளர் தரையில் ஒட்டிய நாடா எங்கேயோ அங்கேயேதான் இருக்க வேண்டும். இரட்டைச் சுருள் பிக்கப்கள் இந்த இரைச்சலைத் தங்களுக்குள்ளேயே அழித்துவிடும். இருந்தும் ஒற்றைச் சுருளின் கண்ணாடித் தெளிவுக்காகப் பலர் இரைச்சலோடு வாழவே விரும்பினார்கள்.

தொலைக்காட்சி இந்தக் கருவிக்கு ஒரு பெரிய உதவியையும் செய்தது. அன்றைய பெட்டிகளில் இருந்த உள்ளங்கையளவு ஒலிபெருக்கியால் ஆழமான ஒலிகளைத் தர முடியாது. பாஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸ் அடிச்சுரம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தொலைந்துவிடும். ஈ9 வரிசையின் திறந்த கம்பிகள் 123 முதல் 415 ஹெர்ட்ஸ் வரை. உருளை பன்னிரண்டாம் கோட்டில் இருந்தால் அதற்கு இரட்டிப்பு. சின்ன ஒலிபெருக்கி நன்றாகப் பேசும் பகுதி அதுவேதான். மனிதக் குரலும் அங்கேதான் இருக்கிறது. அரங்கில் ஐந்தோடு ஆறாவதாக ஒலித்த ஸ்டீல் கிட்டார், வீட்டில் பாடகிக்கு அடுத்த இரண்டாவது குரலாகக் கேட்டது.

குரல் என்ற சொல் இங்கே மிகையில்லை. மீட்டிய கம்பியின் ஒலி உரத்துத் தொடங்கித் தேய்ந்துகொண்டே போகும். ஸ்டீல் கலைஞரின் வலது கால் ஒலியளவு பெடலின் மேல் இருக்கும். மீட்டும் நொடியில் அதைக் குறைத்து வைத்து, ஒலி தேயத் தேய அழுத்திக் கூட்டிக்கொண்டே போனால் தேய்மானம் வெளியே தெரியாது. மீட்டலின் தொடக்கத் தெறிப்பும் மறைந்துவிடும். ஒலியின் தொடக்கத் துளியை வெட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால், கேட்பவர்கள் எந்த வாத்தியம் என்று சொல்லத் தடுமாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெறிப்பு இல்லாத, தேயாத, வழுக்கிச் செல்லும், மெல்ல அதிரும் ஒலியை மூளை மீட்டிய கம்பியாக எடுத்துக்கொள்வதில்லை. வில் போட்ட கம்பியாகவோ பாடும் தொண்டையாகவோ கேட்கிறது. இந்த நுட்பத்துக்கு எதிரி ஒளிபரப்பு நிலையத்தில் இருந்தது. மெல்லிய ஒலியைத் தானே தூக்கி, உரத்த ஒலியைத் தானே அடக்கும் மின்னணுச் சாதனங்கள் ஒளிபரப்புச் சங்கிலியில் உண்டு. கால் ஒரு பக்கம் செதுக்க, சாதனம் மறுபக்கம் தட்டையாக்கும்.

கண்ணுக்குத்தான் இந்தக் கருவி எதுவும் தருவதில்லை. பெடல், முழங்காலால் தள்ளும் நெம்புகோல், கம்பிகளை இழுக்கும் தண்டுகள் எல்லாம் கேமராவின் பார்வைக்குக் கீழே. குனிந்த தலை, அங்குலக் கணக்கில் நகரும் கை. ஸ்டீல் தனி வாசிப்பு ஓடும்போது, பக்கத்தில் நின்று சும்மா தட்டிக்கொண்டிருக்கும் கிட்டார்க்காரரின் விரல்களைத் திரையில் காட்டுவது இந்த இசையின் ரசிகர்கள் பல்லாண்டாகச் சொல்லிவரும் குறை. குறையில் நியாயம் இருக்கிறது. போர்ட்டர் வேகனர் நிகழ்ச்சியில் டான் வார்டன், பக் ஓவன்ஸ் குழுவில் டாம் பிரம்லி என்று வாரந்தோறும் திரையில் இருந்தவர்களின் ஒலியை அறிந்த அளவுக்கு மக்கள் முகத்தை அறியவில்லை. பிரம்லி 1964இல் 'டுகெதர் அகெயின்' பாட்டில் வாசித்த பகுதியை ஸ்டீல் மாணவர்கள் இன்றும் சுரம் சுரமாகப் படிக்கிறார்கள்.

விதிவிலக்கு பீட் டிரேக். ஸ்டீல் கிட்டாரின் ஒலியை ஒரு சிறு ஒலிபெருக்கி வழியாக பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்தி, குழாயின் மறுமுனையை வாயில் வைத்துக்கொண்டார். தொண்டை பேசாது, உதடும் நாக்கும் பேசுவதுபோல் அசையும். உயிரெழுத்துகளை வேறுபடுத்துவது வாய்க்குழி எந்த அதிர்வெண்களைத் தூக்கிக்காட்டுகிறது என்பதுதான். ஒலி குரல்நாணிலிருந்து வந்தாலும் கம்பியிலிருந்து வந்தாலும் வாய்க்குழிக்கு ஒன்றே. 1964இல் 'ஃபாரெவர்' என்ற பாட்டைக் கருவியே முணுமுணுத்தது. தொலைக்காட்சியில் அவர் குழாயைக் கடித்தபடி வாசிக்கும் காட்சி இன்றும் காணக் கிடைக்கிறது. கேமராவுக்குக் காட்ட ஏதோ கிடைத்துவிட்டது. 1970இல் ஜார்ஜ் ஹாரிசனின் இசைப்பதிவுக்காக லண்டன் போன டிரேக்கிடம் இந்தக் குழாயைப் பார்த்து அசந்தவர், பின்னாளில் அதைக் கொண்டே உலகப் புகழ் பெற்ற பீட்டர் ஃப்ராம்ப்டன்.

ஒளிநாடா 1956இல் வந்துவிட்டதே, பிறகு ஏன் நேரலைக் கவலை என்று கேட்கலாம். தொடக்க காலத்தில் நாடாவை வெட்டி ஒட்டுவது பிளேடும் பொறுமையும் கேட்ட வேலை. பல நிகழ்ச்சிகளை ஓட்டமாக ஒரே மூச்சில் பதிந்துவிடுவார்கள், பெயருக்குத்தான் பதிவு. மறுமுனையில் 1969இல் தொடங்கிய ஹீ ஹா நிகழ்ச்சி, ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாகப் பதிந்து துண்டு துண்டாகக் கோத்தது. அதன் வாத்தியக் குழுவில் கர்லி சாக்கர் என்ற அபார ஸ்டீல் கலைஞர் இருந்தார். ஆனால் நழுவும் கருவியின் பரபரப்பு வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடம் ஆப்ரிதான். அங்கே வெல்டன் மைரிக், ஹால் ரக், பின்னாளில் டாமி வைட் ஆகியோர் நிரந்தரக் குழுவில் ஸ்டீல் வாசித்தார்கள். ஒரே இரவில் பாடகர் மாறிக்கொண்டே இருப்பார். ஒத்திகை என்று பெரிதாக எதுவும் இருக்காது. உதவிக்கு இருப்பது நாஷ்வில் எண் முறை. 1950களின் பிற்பகுதியில் ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மேத்யூஸ் பயன்படுத்தத் தொடங்கி, சார்லி மெக்காய் போன்றவர்களால் நகரமெங்கும் பரவியது. கார்டுகளுக்குப் பெயர் கிடையாது. ஒன்று, நான்கு, ஐந்து என்று எண் மட்டும். மேடையில் ஒருவர் விரல்களைக் காட்டினால் மற்றவர்களுக்குப் புரியும். பாடகர் எந்தச் சுருதியில் பாட விரும்பினாலும் எண்கள் மாறா.

இந்த முறைக்காகவே பிறந்ததுபோல் இருக்கிறது பெடல் ஸ்டீல். சுருதி ஜி என்றால் ஒன்றாம் கார்ட் மூன்றாம் கோட்டில். நான்காம் கார்ட் அதே கோட்டில், இரண்டு பெடலையும் மிதித்து. ஐந்தாம் கார்ட் பெடலை விடாமல் ஐந்தாம் கோட்டுக்கு, அதாவது 56.5 மில்லிமீட்டர் தள்ளி. கடைசிச் சரணத்தில் பாடகி உணர்ச்சிப்பட்டு அரைச்சுரம் ஏற்றிப் பாடத் தொடங்கினால் கிட்டார்க்காரர்கள் புதிய கார்ட் வடிவங்களுக்கு விரல் மாற்ற வேண்டும். ஸ்டீல் கலைஞருக்கு கால், முழங்கால், மீட்டும் கை எதுவும் மாறாது. உருளை மூன்றாம் கோட்டிலிருந்து நான்காம் கோட்டுக்கு 29 மில்லிமீட்டர் போனால் போதும். 30 போய்விட்டால் மூன்றரை சென்ட் கூடும்; கையின் உருட்டல் அதை விழுங்கிவிடும். 33 போய்விட்டால் பதினான்கு சென்ட். பாடகி ஏற்கெனவே முதல் சொல்லைத் தொடங்கியிருப்பார், மைக் திறந்திருக்கும், திருத்துவதற்கு இருப்பது ஒரு நொடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு.